ஏழு பத்து பஸ்ஸைத் தவறவிட்ட எழுத்து

முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். என் நோட்டைப் படம் பிடித்து அப்படியே எங்கள் குழுவின் வலைப்பக்கத்தில் போடுகிறார்கள். எழுத்து கோணலாகத்தான் இருக்கும். ‘ழ’ எப்போதும் கோட்டுக்குக் கீழே இறங்கிவிடுகிறது. காலமெல்லாம் மூட்டை தூக்கிய கை இது; எழுபத்தொரு வயதில் பேனா பிடித்துப் பத்து மாதம்தான் ஆகிறது.

வண்ணார்பேட்டையில் நாங்கள் பத்துப் பேர் குழுவாகச் சேர்ந்திருக்கிறோம். ஊர்மக்கள் பஸ்ஸிலும் சைக்கிளிலும் நடந்தும் நிம்மதியாகப் போய்வர வழி செய்வது எங்கள் வேலை. எந்த பஸ் எங்கே போகும் என்று தெரியாமலேயே பலர் ஆட்டோ பிடிக்கிறார்கள். அதனால் பஸ் போகும் ஊர்களை எழுதி, நிறுத்தத்தில் சோதனைக்காக ஒரு பலகை வைத்தோம். அது பயன்படுகிறது என்று காட்டினால் மற்ற நிறுத்தங்களுக்கும் அனுமதி தருவதாக அதிகாரி சொல்லியிருந்தார்.

“யாரையும் கேக்காம, பலகைய மட்டும் வாசிச்சு ஒருத்தர் போயிட்டு வரணும்” என்றார் செண்பகம் டீச்சர். எனக்கு எழுத்துச் சொல்லித்தந்தவர் அவர்தான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஏரலில் என் தங்கச்சி வீடு. போன வியாழக்கிழமை கிளம்பினேன்.

காலை ஏழு மணிக்குப் பலகை முன் நின்றேன். மூன்றாவது வரியின் முதல் எழுத்திலேயே மாட்டிக்கொண்டேன். பாடப் புத்தகத்தில் நான் பார்த்தே இராத எழுத்து. நீங்களாக இருந்தால் தாண்டிப் போயிருப்பீர்கள். எனக்குத் தாண்டிப் பழக்கமில்லை. ஒவ்வொன்றாகக் கூட்டித்தான் வாசிப்பேன். ஏழு பத்துக்கு ஒரு பஸ் வந்தது. அதன் நெற்றியிலும் அதே எழுத்து. பலகையில் வைத்த விரலை நான் எடுப்பதற்குள் போய்விட்டது.

பூக்கூடையோடு நின்ற ஒரு பெண், “எங்க போணும் அண்ணாச்சி? கேளுங்க, சொல்லுதேன்” என்றாள்.

“கேக்கக் கூடாதும்மா.”

அவள் என்னை ஒருமாதிரி பார்த்தாள். வேறு வழியில்லாமல் அந்த எழுத்தை விட்டுவிட்டு அடுத்ததிலிருந்து வாய்விட்டுக் கூட்டினேன். “வை… குண்… டம்.”

“அங்க போக இப்பமே என்ன அவசரம்? பைய போலாம்லா” என்றாள்.

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மேலே வாசித்தேன்: ‘வழி ஏரல்’. ஏரல் போகிற வழியில் இருப்பது ஒரே வைகுண்டம்தான். அப்படியானால் அந்த எழுத்து ‘ஸ்ரீ’. யாரும் சொல்லித்தராமல் நானே பிடித்த எழுத்து.

ஏழு ஐம்பது பஸ்ஸில் ஏறினேன். டிக்கெட் முப்பது ரூபாய், தூரம் ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர். செய்துங்கநல்லூர், கருங்குளம் என்று வழியெல்லாம் கடைப் பலகைகளை வாசித்துக்கொண்டே போனேன். ஒன்பது இருபதுக்கு ஏரல்.

“யாரு கூட வந்தீய?” என்றாள் தங்கச்சி.

“ஒத்தைக்குத்தான்.”

அவள் நம்பாமல் தெருவை எட்டிப் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில், சைக்கிள் கடை மைதீன் பாய்க்கு ஒரே சந்தோஷம். “கேக்காமப் போயாச்சுல்லா. பலகை பாஸ் வே.”

“ஒரு பஸ்ஸ விட்டுட்டேன் பாய்.”

“அத யாரு கேக்கப் போறா?”

“ஆஸ்பத்திரிக்குப் போறவன் விட்டா என்ன செய்வான்?”

மறுநாள் அதிகாரியிடம் நானே சொன்னேன். இப்போதைக்கு அனுமதி இல்லை. பலகையைத் திருத்தி, புதிதாக வாசிக்கப் பழகிய ஒருவர் முதல் பஸ்ஸிலேயே ஏறினால் தருகிறேன் என்றார். கூட வந்திருந்த மைதீன் பாய் கோபத்தில் என்னை விட்டுவிட்டு முன்னால் நடந்துவிட்டார். ஆனால் அன்று மாலையே பெயின்டரைக் கூட்டிவந்தது அவர்தான். இப்போது ‘ஏரல்’ முதலில், உள்ளங்கை அகலத்தில் இருக்கிறது. வழி ஊர்கள் அதற்குக் கீழே.

நீங்களும் போவதானால் காலையிலேயே கிளம்புங்கள். சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். இடப்பக்க ஜன்னலில் உட்கார்ந்தால் வெயில் அடிக்காது. ஆற்றுப் பக்கத்து வயல்களும் தெரியும்.

மறு சோதனைக்கு நான் ஆக மாட்டேன். எனக்குத்தான் ஸ்ரீ தெரிந்துவிட்டதே. எங்கள் வகுப்பில் என் பக்கத்தில் உட்காரும் பேச்சியம்மாள் போகிறாள். அவளுக்கு அந்த எழுத்து தெரியாது. தினமும் சாயங்காலம் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, நானே கண்டுபிடித்த எழுத்தை அவளிடம் சொல்லாமல் இருக்க வேண்டியிருக்கிறது. மூட்டை தூக்குவது இதைவிடச் சுலபம். அடுத்த வாரம் அவள் ஏழு பத்து பஸ்ஸில் ஏறிய பிறகு, எல்லாவற்றையும் அவளுக்கும் சொல்லிவிட்டு, உங்களுக்கும் எழுதுகிறேன்.