இருமச் சொல்லும் சிஸ்டர்

வலிக்கென்று தனியாக ஒரு நர்ஸ் எதற்கு என்று எங்கள் மருத்துவமனையில் கேட்காதவர்களே இல்லை, கேண்டீன்காரர் உட்பட. அந்த நர்ஸ் நான்தான். வில்லியனூர் பக்கத்துப் பெண். தனிப் பயிற்சி முடித்து வந்து அந்த நாற்காலியில் முதன்முதலில் உட்கார்ந்தவள். உட்கார்ந்தவள் என்றா சொன்னேன்? உட்காரவே இல்லை. ஆபரேஷன் ஆனவர்கள், எலும்பு முறிந்தவர்கள் என்று கட்டில் கட்டிலாகப் போய், வலி எவ்வளவு என்று பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் கேட்டு எழுதி, மருந்து போதவில்லை என்றால் மயக்க மருந்து டாக்டரைக் கூப்பிட்டு வருவது என் வேலை. பதவியைச் சோதனை முறையில்தான் தந்திருந்தார்கள். கோடை முடிவதற்குள் என்னால் என்ன மாறியது என்று மருத்துவமனை சூப்பரிண்டெண்ட்டிடம் எண்களில் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் பழையபடி பொது வார்டுக்குத் திரும்ப வேண்டும்.

எண்களும் வந்தன. நான் வருவதற்கு முன்னால் வார்டில் வலி அநேகமாகப் பூஜ்யம். நான் வந்த பிறகு ஆறு, ஏழு, எட்டு.

"இன்னாடி, நீ வந்து எல்லாருக்கும் வலிய ஏத்திவுட்டுட்ட போல இருக்குதே," என்று வார்டு இன்சார்ஜ் அக்கா சிரித்தார். எனக்குச் சுர்ரென்று ஏறியது.

அந்தப் பூஜ்யம் எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். முன்பெல்லாம் வார்டு நர்ஸ்கள் சாயங்காலம், பார்க்க வருகிறவர்கள் நேரத்தில் கேட்டு எழுதுவார்கள். மடுகரையிலிருந்தும் கரியமாணிக்கத்திலிருந்தும் பஸ் ஏறி வந்த சொந்தக்காரர்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு கட்டிலைச் சுற்றி நிற்பார்கள். அசையாமல் படுத்திருப்பவரிடம் வலிக்கிறதா என்று கேட்டால், எங்கள் ஊர்க்காரர் யாராவது ஆமாம் என்பாரா? வந்தவர்கள் கலங்குவார்கள், டாக்டர் இன்னும் நாலு நாள் இருக்கச் சொல்வார், வீட்டில் மாட்டுக்குத் தண்ணீர் காட்ட ஆள் இருக்காது. என் அப்பாவே பல்லைக் கடித்துக்கொண்டு நல்லா இருக்கேன் என்கிற ரகம்தான்.

அதனால் நான் காலையில் போவேன். போய், ஒரு தடவை இருமச் சொல்வேன். இருமும்போது முகம் உண்மையைச் சொல்லிவிடும். அதற்குப் பிறகு அவர்களே சொல்கிற எண்ணைத்தான் எழுதுவேன். வலிக்குப் பயந்து இருமாமல் கிடந்தால் சளி நெஞ்சில் கட்டிக்கொள்ளும், காய்ச்சல் வரும், மூச்சுக்கே ஆபத்தாகிவிடும்.

மயக்க மருந்து டாக்டர் நல்ல மனிதர். என் மேல் அக்கறையில்தான் சொன்னார்: "இந்த வாரம் மட்டும் இருமச் சொல்லாதீங்க சிஸ்டர். படுத்திருக்கும்போதே கேட்டு எழுதிடுங்க. சூப்பரிண்டெண்ட் பாக்கப்போறது இந்த வாரத்தத்தான்."

பொய் சொல்ல மாட்டேன், ஆசையாகத்தான் இருந்தது. அந்த வேலை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. ஆனால் அப்போதுதான் மண்ணாடிப்பட்டுப் பக்கமிருந்து ஓர் அக்கா வந்து சேர்ந்தார். கரும்பு ஏற்றும்போது டிராக்டரிலிருந்து விழுந்து விலா எலும்பு உடைந்திருந்தது. சாயங்காலம் ரவுண்ட்ஸில் சூப்பரிண்டெண்ட் கேட்டதற்கு, "வலியா? அதெல்லாம் ஒன்னும் இல்ல சார்," என்றார். மறுநாள் காலை நான் இருமச் சொன்னேன். கட்டில் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார். இருமல் தொண்டையைத் தாண்டவில்லை. வலி எவ்வளவு அக்கா என்றேன். எட்டு என்றார். எட்டு என்றே எழுதினேன். பதவி போனால் போகட்டும் என்று தோன்றிவிட்டது.

டாக்டர் வந்து விலாப் பக்கத்து நரம்பை மரத்துப்போக வைக்கும் ஊசி போட்டார். மத்தியானத்துக்குள் அந்த அக்கா எழுந்து உட்கார்ந்து, என் தோளைப் பிடித்துக்கொண்டு பாத்ரூம் வரை நடந்தார்.

மறுநாள் சூப்பரிண்டெண்ட் என் தாள்களோடு அந்தக் கட்டில் முன்னால் நின்றார். "என்கிட்ட வலி இல்லன்னாங்க. மறுநாளே நீங்க எட்டு போட்டிருக்கீங்க. நான் எத நம்பறது?"

நான் வாயைத் திறப்பதற்குள் அந்த அக்கா முந்திக்கொண்டார். "நான்தான் சார் பொய் சொன்னேன். சொன்னா வூட்டுக்கு வுட மாட்டீங்கன்னு பயம். இப்பவும் கொஞ்சம் வலிக்குது. ஆனா நல்லா இரும முடியுது, பாக்குறீங்களா?"

கேட்டதோடு நிற்காமல் நெஞ்சு நிறைய இருமியும் காட்டினார். சூப்பரிண்டெண்ட்டோடு வந்திருந்த பயிற்சி டாக்டர்கள் இரண்டு பேர் பின்வாங்கினார்கள். சூப்பரிண்டெண்ட் சிரிக்கவில்லை. அடுத்த கட்டிலுக்குப் போனார், அவரே இருமச் சொன்னார். அதற்கடுத்த கட்டிலிலும் அப்படியே. அன்று காலை வார்டு முழுக்க ஒரே இருமல். கடைசியில் என்னிடம், "எல்லா வார்டுலயும் இனிமே இப்படியே கேட்டு எழுதட்டும். நீங்களே இருந்து சொல்லிக்குடுங்க," என்றார். நீங்களே இருந்து என்றாரே, அந்த ஒரு வார்த்தையை நான் வீட்டில் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று கேட்காதீர்கள்.

அந்த அக்கா வீட்டுக்குக் கிளம்பிய சாயங்காலம், பக்கத்துக் கட்டிலில் பாகூரிலிருந்து ஓர் அம்மா புதிதாக வந்திருந்தார். சுற்றிலும் அவருடைய சொந்தக்காரர்கள். பையைத் தூக்கிக்கொண்டு போன அக்கா நின்று, என்னைக் கண்ணால் காட்டினார். "இந்தாம்மா, வலி இல்லன்னு மட்டும் சொல்லாத, மாட்டிக்குவ. இருமச் சொல்லும் அந்தப் பொண்ணு."

அந்த அம்மா என்னைப் பார்த்தார், வந்திருந்தவர்களைப் பார்த்தார். பிறகு அத்தனை பேர் முன்னாலும், "ஒம்போதும்மா," என்றார்.

அவர் வலிக்கு நான் சந்தோஷப்படக் கூடாதுதான். ஆனாலும் அந்த ஒன்பதை எழுதும்போது எனக்குப் பெருமை தாங்கவில்லை. எழுதிவிட்டு டாக்டரைக் கூப்பிட ஓடினேன்.