கண்ணைக் காட்டு சாமி

“குழந்தைவேலு! வெளிக்கிப் போச்சா?”

நாமக்கல் சந்தையில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு இப்படி ஒரு குரல் கேட்டால், டாக்டர் மருதாசலம் சைக்கிளில் வந்துவிட்டார் என்று அர்த்தம். குழந்தைவேல் கத்தரிக்காய்க் கூடைக்குப் பின்னால் பதுங்குவார். டாக்டர் விடுவாரா? மூன்று வருஷத்துக்கு முன் அந்த மனிதரின் பெருங்குடலில் புற்று பிடித்த ஒரு சாண் நீளத்தை அறுத்தெடுத்தவர் அவர்தான். மிச்சக் குடல் ஒழுங்காக நடந்துகொள்கிறதா என்று கேட்காமல் இருக்க அவரால் முடியாது. “போச்சுங்க, போச்சுங்க! மெதுவாப் பேசுங்க சாமி!” என்று குழந்தைவேல் கும்பிட்ட பிறகுதான் சைக்கிள் நகரும்.

சீமையில் புற்றுநோய் ஆராய்ச்சிக்கென்று மாளிகையே கட்டியிருக்கிறார்களாம். நம் டாக்டருக்கு ஒரு சின்ன ஆஸ்பத்திரியும் மனைவியின் ஊறுகாய் ஜாடிகளும் போதும். அறுத்தெடுத்த கட்டிகள் ஜாடிகளில் சாராயத்தில் மிதக்கின்றன. “மாங்கா வந்துருச்சு. ஜாடியெல்லாம் ஊரார் கொடலுக்கே போச்சுன்னா நான் எதுல ஊறப் போடறதுங்க?” என்பாள் மனைவி சௌந்திரம். “மண்சட்டில போடு” என்பார் டாக்டர், தலை நிமிராமல்.

இன்னொரு பழக்கமும் உண்டு. எதிரே வருகிறவர் தாசில்தாரானாலும் மாலையும் கழுத்துமாக நிற்கும் மாப்பிள்ளையானாலும், “கண்ணைக் காட்டு சாமி” என்று கீழிமையை இழுத்துப் பார்த்துவிடுவார். வெள்ளை விழியில் மஞ்சள் தட்டினால் காமாலை. காமாலை என்றால் அவருக்குக் கணையத்தின் ஞாபகம் வந்துவிடும். இரைப்பைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் அந்தச் சதையில் புற்று வந்தவர்கள் ஏழு பேருக்கு அவர் கத்தி வைத்திருக்கிறார். ஆறு பேர் போய்விட்டார்கள். ஆறு பேருக்காகவும் அவர் அழுதார். ஏழாவது ஆள் எருமப்பட்டி மாரக்காள். இந்தப் பங்குனியோடு அவளுக்குக் கத்தி வைத்து ஐந்து வருஷம். அவள் நோய் திரும்பாமல் இதைத் தாண்டிவிட்டால், கணையத்தில் புற்று வந்தவருக்கும் பிழைக்க வழி உண்டு என்று அவர் வைத்தியப் பத்திரிகைக்கு எழுதலாம். எட்டாவது ஆளை மேஜையில் படுக்கவைக்கும்போது தைரியமாகக் கத்தி எடுக்கலாம்.

வருஷா வருஷம் அவர் நோயாளிகளுக்குத் தபால் கார்டு போடுவார். ஒரே வரி: ‘உயிருடன் இருக்கிறீர்களா? உடனே பதில் எழுதவும்.’ இந்த வருஷம் மாரக்காளிடமிருந்து மட்டும் பதில் இல்லை. மூன்று கார்டுகள் போட்டார். யுத்தம் முடிந்தும் காருக்குப் பெட்ரோல் கிடைத்தபாடில்லை. பத்து மைலையும் சைக்கிளிலேயே மிதித்துப் போனார்.

எருமப்பட்டி எல்லையில் ஒரே கூச்சல். ஆராயி என்கிற பெண்ணைப் பிடித்து, “மாரக்காள் இருக்கிறாளா?” என்றார்.

“அதா வருதுங்க!”

தெருவில் மாரக்காள் வந்தாள். முகம் மஞ்சள், கழுத்து மஞ்சள், கை நகம்கூட மஞ்சள். டாக்டர் சைக்கிளைப் போட்டுவிட்டு, புழுதியில் அப்படியே உட்கார்ந்தார். “திரும்பிருச்சே! ஏழும் போச்சே!”

அவள் இடுப்பில் குடம் இருந்தது. பின்னால் வந்த ஆண்களெல்லாம் சொட்டச் சொட்ட மஞ்சளாக இருந்தார்கள். அவர் கண்ணில் அது எதுவும் படவில்லை.

“ஏனுங்க சாமி, மண்ணுல உக்காந்துட்டீங்க? கோயில் நோம்பி முடிஞ்சு மஞ்சத்தண்ணி ஊத்தறோமுங்க.”

டாக்டர் துள்ளி எழுந்தார். “கண்ணைக் காட்டு சாமி!” இமையை இழுத்தார். மஞ்சள் தண்ணீர் பட்டு ஓரம் சிவந்திருந்தது. விழி மட்டும் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெள்ளை வெளேரென்று இருந்தது. மற்றக் கண்ணையும் பார்த்தார். மறுபடி முதல் கண்ணைப் பார்த்தார்.

“அப்போ கார்டுக்கு ஏன் பதில் போடல?”

“நல்லாருக்குதுங்க நாயம்! நோம்பி சாட்டின ஊட்டுக்கு ‘உசுரோட இருக்கியா’ன்னு அபசகுனமாக் காயிதம் வந்தா, அதைக் கையிலயாவது தொடுவாங்களா?”

டாக்டர் சிரித்தார். கண்ணில் நீர் வருகிறவரை சிரித்தார். பிறகு அவள் குடத்தைப் பார்த்தார். “எனக்கும் ஊத்து.”

“ஐயோ, மாமன் மச்சானுக்குத்தானுங்க ஊத்தறது. நீங்க என்ன முறைங்க எனக்கு?”

டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி ஆராயியிடம் கொடுத்துவிட்டு, குடத்துக்கு நேராகத் தலையைக் குனிந்தார்.