சிங்கத்தோல் நாறுமா?

ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறவன் மாணவன் படிக்காமல் வருவதற்குப் பயப்படுவதில்லை, எழுந்து கேள்வி கேட்பதற்குத்தான் பயப்படுவான். இதே தொழிலில் மாட்டிக்கொண்ட சக வாத்தியார் உங்களுக்குத் தெரியாததா?

ஒரு மாதம்

எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். தமிழ் வழியில் படித்த பி.எஸ்ஸி. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மேற்குத் தாம்பரத்தில், ஒரு டைப்ரைட்டிங் வகுப்பின் மாடியில், ஸ்போக்கன் இங்கிலீஷ் வாத்தியாராகச் சேர்ந்தேன். சான்றிதழைப் பார்த்தார்களே தவிர என்னைப் பேசச் சொல்லவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

உரிமையாளர் சைக்ளோஸ்டைலில் படியெடுத்த ஒரு தாளைக் கொடுத்தார். பழைய கிரேக்கக் கதை ஒன்றின் ஆங்கில மொழிபெயர்ப்பு. சிங்கத்தோலைப் போர்த்திக்கொண்ட கழுதை காட்டையே மிரட்டுகிறது. கடைசியில் கத்தித் தொலைத்து நரியிடம் மாட்டிக்கொள்கிறது. இதை வைத்துத்தான் பாடம்.

"ஒரு மாசம் பார்ப்போம் தம்பி. க்ளாஸ்ல உங்க வாயிலேர்ந்து தமிழ் வரக் கூடாது."

பேருந்தில்

ஊரப்பாக்கத்தில் ஏறினால் தாம்பரம் வரும்வரை மனப்பாடம்தான். ஒரு வரி பிசகினாலும் முதலிலிருந்து தொடங்குவேன். மடித்து விரித்தே தாள் நைந்துவிட்டது. ஒருநாள் கழுதை கத்தும் இடத்தைச் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. கண்டக்டர் வந்து நின்றார்.

"இன்னா சார், பரீட்சையா? டிக்கெட்ட வாங்கிகினு அப்பால படி."

தோல்

முன் பெஞ்சில் கரீம் பாய். பம்மல் தோல் தொழிற்சாலையில் தோல்களைத் தரம் பிரிப்பவர். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். தோல் வாங்க வரும் வெளிமாநிலக்காரர்களிடம் பேச வேண்டுமென்று சேர்ந்திருந்தார். மூன்றாம் நாளே எழுந்து தமிழில் ஒரு கேள்வி கேட்டார். பதிலைத் தமிழில் சொல்லக் கூடாது, ஆங்கிலத்தில் எனக்கு வராது. "நெக்ஸ்ட் சென்டென்ஸ்" என்று அடுத்த வரிக்குத் தாவினேன். அவர் கேட்டது இதுதான்:

"பதம் பண்ணாத தோலு ரெண்டு நாள்ல நாறும் சார். கழுதை கத்துற வரைக்கும் நரி எதுக்குக் காத்துகினு இருக்கணும்?"

கடைசி நாள்

மாதம் முடிந்த அன்று உரிமையாளர் வந்து பின் பெஞ்சில் உட்கார்ந்தார். கதையைப் பிசகாமல் ஒப்பித்து முடித்தேன். கரீம் பாய் எழுந்தார். அதே கேள்வியை, ஒவ்வொரு சொல்லாகத் தேடியெடுத்து, ஆங்கிலத்தில் கேட்டார். "நெக்ஸ்ட் சென்டென்ஸ்" என்று சொல்ல வாயெடுத்தேன். கதையில் அடுத்த வரி இல்லை.

தாளை மடித்து மேசைமேல் வைத்தேன்.

"எனக்கு இங்கிலீஷ்ல இந்தக் கதை ஒண்ணுதான் தெரியும்" என்று தமிழில் சொன்னேன்.

உரிமையாளர் எழுந்து படியிறங்கிப் போனார். வேலை போயிற்று என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். வாசலில் கரீம் பாய் நின்றிருந்தார்.

"நாங்க மொத நாளே மோப்பம் புடிச்சிட்டோம் சார். நாளைக்கு வராம இருந்துடாதீங்க."

மறுநாள் போனபோது மேசைமேல் உரிமையாளர் வைத்துவிட்டுப் போன புதிய சைக்ளோஸ்டைல் தாள் ஒன்று இருந்தது. அதிலிருந்த புதுக் கதையின் ஓநாயும் கொக்கும் அன்றுமுதல் ஊரப்பாக்கத்திலிருந்து டிக்கெட் இல்லாமல் என்னோடு வரத் தொடங்கின.