ரோஸ்விதாவின் இரண்டாவது பதில்

வெண்டலின் தீலன் சைக்கிளில் ஏறி எங்கள் ஊரில் ஒருவரும் பார்த்ததில்லை. ஆனாலும் வருஷத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மோசல் ஆற்றங்கரைச் சாலையில் கார்களை நிறுத்திவிட்டுச் சைக்கிள்களை மட்டும் விடுகிறார்களே, அந்த நாளைத் தானே பெற்று வளர்த்த பிள்ளை மாதிரி நடத்துவார். தடுப்புக் கட்டையைக் காக்கிற தொண்டர்களுக்குத் தீயணைப்புப் படை ஆரஞ்சு நிற மேலங்கி கொடுக்கும். விசிலும் வெள்ளைக் கையுறையும் வெண்டலின் தாமாகச் சேர்த்துக்கொண்டவை.

ஓய்வு பெறும்வரை அவருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற வேலை. இந்தப் பள்ளத்தாக்கில் ஸ்டீயரிங் பிடிக்கிற கையெல்லாம் அவரிடம் திட்டு வாங்கிய கைதான், என் கையும் சேர்த்து. அதனால் அவருக்கு ஒரு திடமான கருத்து உண்டு. இந்த ஊரில் ஒருத்தருக்கும் உருப்படியாக வண்டி ஓட்டத் தெரியாது. "அத்தனை பேருக்கும் சொல்லிக்கொடுத்தவன் நான், எனக்குத் தெரியாதா?" என்பார். தன் வேலையைப் பற்றித் தானே இப்படிச் சான்றிதழ் எழுதிக்கொள்கிறோம் என்பது அவருக்கு உறைத்ததே இல்லை.

தடுப்பில் நின்றால் அவர் கல். ஒரு வருஷம் பக்கத்து ஊரில் பூசை வைக்கப் போன பாதிரியார், மாவட்ட அலுவலகத்தின் அனுமதிச் சீட்டோடு காரில் வந்தார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டான் என்பார்கள். இங்கே பூசாரியையே வெண்டலின் விடவில்லை. பாவம், மனிதர் அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு யாரோ ஒரு பெண்ணின் சைக்கிளை இரவல் வாங்கிப் போனார். அந்தச் சைக்கிளில் முன்விளக்கு எரியவில்லை என்று வெண்டலின் அதற்கும் ஒரு விசில் ஊதினார்.

அவர் வீடு சாலை வளைவில், பிரெஞ்சுப் படை இடித்துப் போட்டுவிட்டுப் போன கோட்டைக்கு நேர் கீழே. அடுத்தது என் வீடு. படம் எடுக்க வருகிறவர்களுக்கு அந்த வளைவு சொர்க்கம். எதிர்க்கரையில் இன்னும் இரண்டு கோட்டை தெரியும், ஆறு வளைந்து போவது தெரியும். குடியிருக்கிற எங்களுக்கு அது லாரி கியர் மாற்றுகிற இடம். திராட்சைத் தோட்டத்து டிராக்டர், ஒயின் ஏற்றப் போகிற லாரி, விடுமுறையானால் கொலோன் நகரத்திலிருந்து கிளம்பி வருகிற மோட்டார் சைக்கிள் கூட்டம். இந்த நாட்டில் ஞாயிற்றுக்கிழமை புல் வெட்டுகிற இயந்திரத்தை ஓட்டினால் அண்டை வீட்டுக்காரர் போலீசைக் கூப்பிடுவார். ஒரு படை மோட்டார் சைக்கிள் வீட்டுச் சுவர் அதிரப் போனால் அதற்குப் பெயர் சுற்றுலா வளர்ச்சி.

வெண்டலினின் மனைவி ரோஸ்விதா எனக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. வாயில்லாப் பூச்சி என்று ஊரில் பெயர் வாங்கியவள். உள்ளது என்னவென்றால், வெண்டலின் எதைச் சொன்னாலும் அவளிடம் இரண்டு பதில் இருக்கும். முதலாவது, "சரி வெண்டலின்." அது தெளிவாக வரும். அப்புறம் வெளியே லாரியோ டிராக்டரோ உறுமுகிற நேரம் பார்த்து இரண்டாவது வரும். பதில் என்றால் அதுதான் பதில்.

"உலகத்துல ரெண்டு வகை டிரைவர்தான் இருக்கான், ரோஸ்விதா."

"சரி வெண்டலின்." லாரி வளைவில் திரும்பும். "ரெண்டு வகையும் உங்கிட்ட படிச்சவன்தான்."

கல்யாணமான நாளிலிருந்து முதல் பதில் அவருக்குப் போய்ச் சேர்ந்தது. இரண்டாவது, கை நீட்டினால் உப்பு வாங்கிக்கொள்ளலாம் போலிருக்கிற அவள் ஜன்னலிலிருந்து என் ஜன்னலுக்கு வந்தது. நான் தொலைக்காட்சி வாங்கியது வெகு தாமதமாகத்தான்.

போன குளிர்காலத்தில் வெண்டலின் ஒரு முடிவு எடுத்தார். வளைவு வீட்டை விற்றுவிட்டு மேட்டு நிலத்தில் புதிதாகக் கட்டியிருக்கிற குடியிருப்புக்குப் போவது. படிக்கட்டு இல்லாத வீடு, அளவெடுத்த வேலி, ஒரு பிடி மண் வெளியே தெரியாமல் சரளைக்கல் கொட்டி மூடிய தோட்டம், ஈ காக்கை போகாத தெரு. "இந்த இரைச்சல்ல அவ பட்ட பாடு போதும்" என்று என்னிடம் சொன்னபோது அவருக்குக் கண் கலங்கியது. மனதாரத்தான் சொன்னார், அதை நான் பொய் என்று சொல்லமாட்டேன். வளைவு வீட்டை வாங்கக் கொலோன் தம்பதி ஒன்று தயாராக நின்றது. சைக்கிள் ஞாயிறுக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை பத்திரப்பதிவு. ரோஸ்விதா "சரி வெண்டலின்" என்றாள்.

குப்பை லாரி கடந்து போனபோது அவளுடைய இரண்டாவது பதில் எனக்குக் கேட்டது. "நான் வரலை." அவ்வளவுதான். எப்போதும் அதில் ஒரு குத்தல் இருக்கும், சிரித்துக்கொண்டே நான் பாத்திரம் கழுவுவேன். அன்றைக்குக் குத்தலே இல்லை. நான் பாத்திரத்தைப் போட்டுவிட்டு ஜன்னலுக்கு வந்தேன்.

"நேரா சொல்லேண்டி அவன்கிட்ட" என்றேன்.

"நேரா சொல்லிப் பழக்கமில்லையே" என்றாள். "எங்க ஆரம்பிக்கிறதுன்னே தெரியல. எதிர்ல போய் நின்னா வாய் தானா 'சரி வெண்டலின்'னு சொல்லிடுது."

இத்தனை வருஷமும் சைக்கிள் ஞாயிறன்று வெண்டலின் ஊரின் அந்தக் கோடியில் நிற்பார். இந்த வருஷம் முழங்காலில் அறுவை சிகிச்சை. தீயணைப்புப் படைத் தலைவர், "உங்க வீட்டு வாசல்லயே நில்லுங்க" என்று மேட்டு நிலத்துச் சாலை வந்து சேர்கிற இடத்துத் தடுப்பை அவருக்குக் கொடுத்துவிட்டார். அது ரோஸ்விதாவின் சமையலறை ஜன்னலுக்கு நேர் கீழே. ஜன்னலை ஒட்டித் தீயணைப்புப் படையின் தின்பண்டக் கடை. உள்ளே அவள் உருளைக்கிழங்கு அடை சுட்டு ஜன்னல் வழியாகத் தருவாள், வெளியே நான் அதற்குத் தொட்டுக்கொள்ள ஆப்பிள் கூழ் வைத்துக் கொடுப்பேன், சோடா கலந்த ஒயினும் ஊற்றுவேன்.

காலையில் சாலை அடங்கியது. சங்கிலி ஓடுகிற மெல்லிய சத்தமும், ஆற்றுத் தண்ணீர் கரையை நக்குகிற சத்தமும் தவிர ஒன்றுமில்லை. எதிர்க்கரையில் யாரோ தும்மியது இங்கே கேட்டது. ஆனால் ரோஸ்விதாவுக்கு அது எப்படித் தெரியும்? அடுப்புக்கு மேலே புகை உறிஞ்சுகிற மின்விசிறி பழையது, விமானம் மாதிரி இரையும். அது அவள் காதில் இரைந்ததே தவிர ஜன்னலைத் தாண்டி வரவில்லை. அதற்கு மேலே கேட்கவேண்டும் என்று அவள் வழக்கத்தைவிடச் சத்தமாகத்தான் பேசினாள்.

"ரோஸ்விதா" என்று, எந்த இரைச்சலையும் தாண்டுகிற தன் வகுப்புக் குரலில் கூப்பிட்டார் வெண்டலின். "பாத்தியா, எவ்வளவு அமைதி. மேல போனா தினமும் இப்படித்தான்."

"சரி வெண்டலின்." அடையைத் திருப்பிப் போட்டாள். "கல்லறையிலயும் இப்படித்தான் இருக்கும். அதுக்கு வேலி கட்டுற செலவுகூட இல்லை."

வரிசையில் முதலில் நின்ற, மஞ்சள் சட்டை இறுக்கிப் பிடித்த ஒரு மனிதருக்கு ஒயின் புரையேறியது. வெண்டலின் சுற்றுமுற்றும் பார்த்தார். வானொலி என்று நினைத்திருப்பார் போல. தலைக்கவசம் இல்லாமல் வந்த ஒரு பெண்ணை நிறுத்திப் பாடம் எடுக்கப் போனார்.

"நான் இத்தனை வருஷம் ஒரு விபத்து இல்லாம ஓட்டினவன். என்ன ரோஸ்விதா?"

"ஆமா வெண்டலின்." உள்ளே எண்ணெய் பொரிந்தது. "விபத்தெல்லாம் பின்னால வந்தவனுக்குத்தான்."

இப்போது வரிசையே சிரித்தது, மின்விசிறிக்கு அடியில் நின்ற அவளுக்கு அது எட்டவில்லை. சாப்பிட்டு முடித்தவர்கள் திரும்ப வரிசையில் வந்து நின்றார்கள். எவ்வளவோ தூரத்திலிருந்து கோட்டை பார்க்க மிதித்து வந்த ஜனம், தலையைத் தூக்கி ஒருத்தர் அதைப் பார்க்கவேண்டுமே. வெண்டலின் ஜன்னலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் ஒயின் புட்டியின் மேல் ஒட்டியிருந்ததைப் படித்துக்கொண்டிருந்தேன்.

கிட்டே வந்து, "இது எப்பவுமா?" என்றார் மெதுவாக.

"எப்பவும்தான்" என்றேன்.

அவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. விசிலைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பிறகு ஜன்னல் பக்கம் முகத்தை வைத்து, "ரோஸ்விதா, செவ்வாய்க்கிழமை பத்து மணிக்குக் கிளம்பணும்" என்றார்.

"சரி வெண்டலின்."

அவர் காத்திருந்தார். வரிசையும் காத்திருந்தது.

"நான் வரலை. நீயே போய்க் கையெழுத்துப் போடு. அந்தச் சரளைக்கல்லுக்கு நடுவுல உக்காந்து, உன் பேச்சை மட்டும் கேட்டுக்கிட்டே சாகுறதுக்கு என்னால ஆகாது."

ஒருவரும் சிரிக்கவில்லை. மஞ்சள் சட்டைக்காரர் தட்டை வைத்துவிட்டு, ஊற்றிய ஒயினைக் குடிக்காமலே சைக்கிளில் ஏறிப் போனார். மாவு தீர்ந்துபோய் ரோஸ்விதா மின்விசிறியை அணைத்தாள். அணைத்ததும் அவளுக்கே அந்த நிசப்தம் கேட்டது. ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். அத்தனை முகமும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன, நடுவில் அவர். ஜன்னலைச் சாத்திக்கொண்டாள். ஆப்பிள் கூழ் மட்டும் தனியாகக் கிடைக்குமா என்று ஒருவர் என்னைக் கேட்டார். கரண்டியால் ஒரு போடு போடலாம் போலிருந்தது எனக்கு.

பிற்பகல் முழுக்க வெண்டலின் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஆட்கள் சாலையின் தப்பான பக்கத்தில் போனார்கள், கைப்பிடியை விட்டுவிட்டுப் போனார்கள், மூன்று பேர் கைகோத்துக்கொண்டு போனார்கள். அவர் எதையும் பார்த்ததாகத் தெரியவில்லை. உள்ளே போய்ப் பேசச் சொன்னேன். "என்ன பேசுறதுன்னு தெரியல" என்றார். அந்த மனிதர் வாயிலிருந்து அப்படி ஒரு வாக்கியம் வந்து நான் கேட்டதில்லை. எனக்கு அவர்மேல் இரக்கம் வந்தது, அதுவும் முதல் தடவைதான்.

சாலை திறக்கிற நேரம் நெருங்கும்போது ரோஸ்விதா இன்னொரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். மேட்டுச் சாலையில் அதற்குள் கார்கள் வந்து சேர ஆரம்பித்திருந்தன. அவர் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள்.

"கேட்டுட்டியா?"

"கேட்டுட்டேன்."

"எதுலேர்ந்து?"

"கல்லறைலேர்ந்து."

அவள் முந்தானை மாதிரி ஏப்ரனைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டாள். "அந்த வீடு உனக்காகத்தான் பாத்தேன்" என்றார் அவர். "இரைச்சல் உனக்குக் கஷ்டம்னு நெனச்சேன்."

"இரைச்சல் இருந்துது, நான் பேசினேன். மேல போனா எங்க பேசுவேன்? எல்லாம் உனக்குக் கேக்குமே."

"கேக்கட்டுமே."

"இப்ப சொல்லுவ."

வெண்டலின் கையுறையைக் கழற்றினார். "நாளைக்குக் காலைல வக்கீலுக்கு ஃபோன் பண்ணி, பத்திரம் வேண்டாம்னு சொல்லிடறேன்."

"அது ஒண்ணு. மத்ததெல்லாம்?"

"மத்ததையும் சொல்லு. ஆரம்பத்துலேர்ந்து சொல்லு."

அவள் நாற்காலியை அவர் பக்கம் திருப்பிப் போட்டாள். பிறகு ஆரம்பித்தாள். கல்யாணம் முடிந்து தேனிலவுக்குப் போன ஊரில், ஏரியைப் பார்க்காமல் காரை எங்கே நிறுத்துவது என்று அவர் சுற்றிச் சுற்றி வந்ததிலிருந்து ஆரம்பித்தாள். தேவாலயத்தில் ஆறு மணி அடித்தது. ஊரின் அந்தக் கோடியில் தடுப்பை எடுத்துவிட்டார்கள். வெண்டலின் எழுந்திருக்கவில்லை.

மேட்டுச் சாலையில் முதல் கார் எல்கேயுடையது. முடிதிருத்தும் கடை வைத்திருக்கிறவள், வெண்டலினிடம் படித்து மூன்று தடவை தோற்றவள். கண்ணாடியை இறக்கினாள்.

"வெண்டலின், மணி ஆறு அடிச்சாச்சு."

"அடிச்சுது."

"அப்ப கட்டையை எடுங்க."

"என் பொண்டாட்டி பேசிக்கிட்டு இருக்கா."

பின்னால் நின்ற கார்கள் ஹாரன் அடிக்க ஆரம்பித்தன. காரணமில்லாமல் ஹாரன் அடிப்பது குற்றம் என்று அவர்கள் எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்தவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எல்கே அவரைப் பார்த்தாள், ரோஸ்விதாவைப் பார்த்தாள். "முடிய எவ்வளவு நேரம் ஆகும்?" என்றாள்.

வெண்டலின் மனைவி பக்கம் திரும்பினார். "இப்ப எதுல இருக்கோம்?"

"கல்யாணம் ஆகி மூணாவது மாசம்" என்றாள் ரோஸ்விதா.

எல்கே இன்ஜினை அணைத்தாள்.