கயல் கப்பல் ஏறலாமா?

எங்கள் அப்பாவுக்கு எதையும் ஓட்டுக்கு விடாமல் இருக்க முடியாது. ஆவடியில் ராணுவத் தொழிற்சாலையில் வேலை. அங்கே தொழிலாளர் கமிட்டிக்கு மூன்று முறை தேர்ந்தெடுக்கப்பட்டவர். கேன்டீன் சாம்பாரில் பருப்பு போதவில்லை என்பதைக்கூடத் தீர்மானமாக எழுதி, கை தூக்கச் சொல்லி, எண்ணி, மினிட்ஸ் புத்தகத்தில் ஏற்றினால்தான் அவருக்குச் சோறு இறங்கும். அந்தப் பழக்கத்தைத் தொழிற்சாலை கேட்டோடு விட்டுவிட்டு வந்திருக்கலாம். சைக்கிள் கேரியரில் கட்டிக் குவார்ட்டர்ஸ் வரைக்கும் கொண்டுவந்துவிட்டார்.

நான் நான்காவது படித்த வருடம் எங்கள் வீட்டில் டி.வி. கிடையாது. அடுத்த வீட்டில் போய்த் தரையில் உட்கார்ந்து பார்ப்பது அம்மாவுக்குப் பிடிக்காது. அதனால் அப்பா குவார்ட்டர்ஸ் நூலகத்திலிருந்து சிறுவர் நாவல்களை எடுத்து வருவார். அவருக்கு முதல் ஷிப்ட் இருக்கும் வாரங்களில், சாயங்காலம் விளக்கு வைத்ததும் எல்லோரும் முன்னறையில் கூட வேண்டும். ஒரு நாளைக்கு ஓர் அத்தியாயம். திக்காமல் படிப்பேன் என்பதால் வாசிப்பது நான். வாசித்து முடித்ததும் கமிட்டி கூடும். தலைவர் அப்பா. மினிட்ஸ் எழுதுவது அக்கா, அவள் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும்.

அடுத்து கதையில் என்ன நடக்க வேண்டும் என்று அப்பா ஒரு தீர்மானம் கொண்டுவருவார். ஒவ்வொருவரும் காரணம் சொல்லிவிட்டுக் கை தூக்க வேண்டும். காரணம் இல்லாத ஓட்டு செல்லாது. அம்மா எப்போதும் அப்பா பக்கம்தான் கை தூக்குவாள். “அவரு சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்பது அவளுடைய நிரந்தரக் காரணம். தலைவரும் அதை ஒரு காரணமாக மதித்து ஏற்றுக்கொண்டார்.

இதில் மீற முடியாத ஒரே விதி, யாரும் முன்கூட்டிப் படித்துவிடக் கூடாது என்பது. ஒரு புத்தகத்தில் நான் அகப்பட்டுக்கொண்டேன். திருடன் யார் என்று ஓட்டெடுத்தபோது, திருடனின் பெயரோடு அவன் நகையை ஒளித்துவைத்த இடத்தையும் சேர்த்துச் சொல்லிவிட்டேன். விசாரணை நடந்தது. ஒரு வாரம் சஸ்பெண்ட். அந்த வாரம் அண்ணன் வாசித்தான். ஏழாம் வகுப்பு படிக்கிற பையன் நிறுத்தக்குறி எதையும் கண்டுகொள்ளாமல் பஸ் ஓட்டுவதுபோல் வாசித்துக்கொண்டே போவதை நான் வாயை மூடிக்கொண்டு கேட்க வேண்டியிருந்தது. இனி செத்தாலும் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று தீர்மானித்துக்கொண்டேன். படிக்கக் கூடாது என்று தீர்மானிக்கவில்லை.

அடுத்து வந்த புத்தகம் கலங்கரை விளக்கத்துக் காவலாளியின் மகளைப் பற்றியது. பெயர் கயல். தீவில் அவளும் அப்பாவும் அம்மாவும் ஒரு தம்பியும்தான். கடலை அளக்க வந்த கப்பலின் தலைவர் அவளுடைய கெட்டிக்காரத்தனத்தைப் பார்த்து, தன்னோடு பட்டணத்துக்கு வந்தால் வரைபடம் போடக் கற்றுத்தருகிறேன் என்கிறார். போவதா வேண்டாமா என்பது கடைசிக்கு முந்தைய அத்தியாயம். அவள் போகிறாள் என்பது எனக்கு இரண்டு நாள் முன்னாலேயே தெரியும். பள்ளிக்கூடம் விட்டு வந்து, அம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்த நேரத்தில், பீரோவுக்குப் பின்னால் உட்கார்ந்து முடித்துவிட்டிருந்தேன்.

அதே வாரம் வீட்டில் இன்னொரு விஷயமும் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா பிளஸ் டூ முடித்திருந்தாள். திருச்சியில் மூன்று வருடம் விடுதியில் தங்கி நர்ஸ் படிப்பதற்கு ஃபாரம் வாங்கி, பூர்த்தி செய்து வைத்திருந்தாள். அப்பா கையெழுத்துப் போட்டு, திங்கட்கிழமைக்குள் தபாலில் சேர்க்க வேண்டும். அதற்குள் ஊரிலிருந்து பெரியப்பா வந்து, வயசுப் பெண்ணை விடுதிக்கு அனுப்பும் வழக்கம் நம் வீட்டில் இல்லை, ஒரு வரன் பார்த்து வைத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அப்பாவைப் படிக்கவைத்து வேலைக்கு அனுப்பியவர் பெரியப்பா. அவர் எதிரில் அப்பா நாற்காலியில்கூட உட்கார மாட்டார். இதெல்லாம் என் காதிலும் விழுந்தது. அக்கா போனால் அவளுடைய தலையணை எனக்கு வருமா என்பதற்கு மேல் நான் யோசிக்கவில்லை.

சனிக்கிழமை அந்த அத்தியாயத்தை வாசித்து முடித்தேன். அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு தீர்மானத்தைச் சொன்னார்.

“கயல் கப்பல் ஏறலாம். ஆதரவா யாரு, எதிர்ப்பா யாரு?”

வழக்கமாகத் தலைவர் பிள்ளைகள் மூவருக்கும் பிறகுதான் கை தூக்குவார். அன்று முதல் ஆளாகத் தூக்கினார். “நான் எதிர்க்கிறேன். பெரியவங்க வேணாம்னு சொல்வாங்க, அவங்க பேச்சை மீறக் கூடாது” என்றார். அந்தத் தீவில் கயலின் அப்பா அம்மாவைத் தவிரப் பெரியவர்கள் என்று யாருமே இல்லை. அதை நான் சுட்டிக்காட்ட வாயெடுப்பதற்குள் அண்ணன் கை தூக்கிவிட்டான்.

“நானும் எதிர்ப்புதான். போற வழியில கப்பல் கவுந்துகினா இன்னா பண்றது?”

“வீட்டுக்குள்ள இன்னா கின்னாவெல்லாம் வேணாம்னு எத்தனை தடவை சொல்றது” என்றாள் அம்மா. அவனுக்கு அந்தப் பாஷை முத்தாபுதுப்பேட்டைக் கிரிக்கெட் மைதானத்தில் கிடைத்தது.

அக்கா நோட்டிலிருந்து தலையைத் தூக்காமல், “போகலாம்” என்றாள். “அவளுக்கு அந்த வேலை வரும். வர்ற வேலையைக் கத்துக்கட்டும்.”

பிறகு அம்மா கை தூக்கினாள். “நானும் போகலாம்னுதான் சொல்றேன்.” அவ்வளவுதான். அப்பா அவளிடம் காரணம் கேட்கவில்லை. அம்மா முதல்முறையாக எதிர்க்கட்சிக்குப் போனதில் அண்ணன் விசில் அடித்தான்.

இரண்டுக்கு இரண்டு. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அத்தனை முக்கியத்துவம் எனக்கு அதற்கு முன் கிடைத்ததில்லை. ஆனால் என் மண்டைக்குள் ஓடியது ஒன்றுதான். போகலாம் என்று சொல்லி, நாளைக்கு அவள் போயும் விட்டால், பழைய குற்றவாளியான என்மேல்தான் சந்தேகம் வரும். மறுபடி விசாரணை, மறுபடி அண்ணன் வாசிப்பு. தப்பாகச் சொல்வதுதான் பத்திரம்.

“வேணாம்” என்றேன். “அவ போயிட்டா அவங்கப்பா தனியா விளக்கைப் பாத்துக்க கஷ்டப்படுவாரு.”

அப்பா என் பக்கம் திரும்பினார். “நல்லா யோசிச்சு சொல்லு பாப்பா. கயலுக்கு எவ்ளோ ஆசை பாரு. கப்பல்காரரும் நல்ல மனுஷன்தான்” என்றார்.

“தலைவரே பிரச்சாரம் பண்றாரு, செல்லாது!” என்று அண்ணன் கத்தினான்.

“வேணாம்னா வேணாம்தான்” என்றேன் நான், உண்மையிலேயே கதை தெரியாதவளைப்போல் முகத்தை வைத்துக்கொண்டு. அப்பா இன்னொரு முறையும் கேட்டார். மூன்றாவது தடவை அம்மாவே, “விடுங்க, அவதான் சொல்லிட்டாளே” என்று எழுந்து உள்ளே போனாள்.

தீர்மானம் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் தோற்றது. அக்கா அதை முத்து முத்தான எழுத்தில் எழுதி, தேதி போட்டு, பேனாவை மூடினாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். எதற்கு என்று தெரியாமல் நான் சிரித்துவைத்தேன்.

மறுநாள் கடைசி அத்தியாயம். கயல் கப்பல் ஏறினாள். நான் ஆச்சரியப்பட்டதுபோல் நன்றாகவே நடித்தேன். அக்கா அன்று முன்னறைக்கே வரவில்லை, கொல்லைப்பக்கம் துணி மடித்துக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமை வந்தது, போனது. தை மாதம் பெரியப்பா பார்த்த மாப்பிள்ளைக்கே அவளைக் கட்டிக்கொடுத்தார்கள். நல்ல மனிதர்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. அக்காவும் எதையும் குறையாகச் சொன்னதில்லை. எனக்குத் தலையணை வந்து சேர்ந்தது.

அப்பா ஓய்வு பெற்றுப் பல வருடங்களுக்குப் பிறகு, கோவில்பதாகையில் என் வீட்டுக்கு வந்திருந்தபோது, இந்தத் திருட்டுத்தனத்தை ஒரு வேடிக்கையாக அவரிடம் சொன்னேன். பீரோவுக்குப் பின்னால் உட்கார்ந்து படித்ததையும், மாட்டிக்கொள்ளாமல் இருக்கத் தப்பாக ஓட்டுப் போட்டதையும். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

“நான் தோக்கணும்னுதான் பாப்பா அன்னிக்கு ஓட்டு வெச்சேன்” என்றார். “அக்காவைத் திருச்சிக்கு அனுப்ப ஒத்துக்க மாட்டேன்னு உங்க பெரியப்பாகிட்ட வாக்கு குடுத்திருந்தேன். அதனால எதிர்த்துக் கை தூக்கினேன். நீயும் அம்மாவும் அக்காவும் ஒண்ணா தூக்குவீங்க, வீட்ல மெஜாரிட்டி அப்படின்னு அவருக்கு எழுதிடலாம்னு நெனச்சேன். கையெழுத்துப் போட்ட ஃபாரம் என் சட்டைப் பையிலதான் இருந்துச்சு.”

“அப்புறம் ஏன் அனுப்பல? அது வெறும் கதைதானேப்பா?”

“ஓட்டு எடுத்தாச்சே” என்றார். “நமக்குச் சாதகமா வரலைன்னு செல்லாதுன்னு சொன்னா, அது என்ன கமிட்டி?”

அவர்மேல் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. என்மேல் அதைவிட அதிகமாக வந்தது. அன்று அந்த முன்னறையில் கயலைப் பற்றி ஓட்டுப் போட்டவன் அண்ணன் ஒருவன்தான். அப்பாவும் அம்மாவும் அக்காவும் திருச்சிக்கு ஓட்டுப் போட்டார்கள், மூவரும் ஒரே பக்கத்துக்கு. ஒன்பது வயதில் எனக்குத் தூக்கிய கைகளை எண்ணத்தான் தெரிந்தது.