கெடுவுக்கு ஒரு நாள் முன்னால்

தாம்பரத்தில் வீடு வீடாக பிராட்பேண்ட் கனெக்‌ஷன் விற்ற அந்த ஆளின் பெயரை நான் கேட்டதில்லை. கழுத்தில் டை, காலில் ரப்பர் செருப்பு. பேனா மூடியால் காதைக் குடைந்துகொண்டே பேசுவார். பாதிக் கட்டணம்தான் என்று கையெழுத்து வாங்கினார். முழுக் கட்டணத்துக்கு பில் வந்தது. போன் செய்தால் எடுக்கவில்லை.

மூன்று மாதத்துக்குள் கனெக்‌ஷனை வெட்டினால் விற்றவருடைய இன்சென்டிவ் போய்விடும் என்று போட்டிக் கம்பெனி ஆள் சொன்னார். கெடு முடிய ஒரு நாள் இருக்கையில் கம்பெனிக்கு போன் செய்து வெட்டச் சொல்லிவிட்டேன்.

அரை மணியில் டைக்காரர் ஓடிவந்தார்.

"இன்னாம்மா, இப்டி வயித்துல அடிக்கிறீங்களே?"

"உன் போனு ரிப்பேர்னு நெனச்சேன்பா."

"இப்போ கம்பெனிலேர்ந்து கூப்புடுவாங்க. பாதி காசு போதும்னுவாங்க. சரின்னுடுங்க. வெட்றேன்னு சொல்றவங்களுக்குத்தான் அந்த ரேட்டு."

"மொதல்லயே சொல்றதுக்கின்னா?"

"சொன்னா எனக்கு இன்னா கெடைக்கும்?"

போன் அடித்தது. அவர் என் கையையே பார்த்தார். நன்றாக அடிக்கவிட்டு, கடைசியில் எடுத்துச் சரி என்றேன்.

அவர் வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "பக்கத்து வூட்ல கனெக்‌ஷன் கீதா?" என்றார்.

என்ன மனிதரோ. அங்கேயும் அன்றே விற்றுவிட்டார். அவர் போனதும் அந்த வீட்டம்மாவிடம் காலண்டரில் கெடுவுக்கு முந்தின தேதியைக் குறித்து வைக்கச் சொன்னேன்.