ஏணியிலிருந்து இறங்கிய குருவி

கொரோனாவுக்குப் பிறகு பள்ளிக்கூடங்கள் முழுதாகத் திறந்த அடுத்த வருடம் நடந்தது இது. விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி போகும் சாலையில், கண்டமங்கலத்துக்குப் பக்கத்தில் கொஞ்சம் உள்ளே தள்ளி ஓர் ஊர். அங்கே கன்னியர்கள் நடத்தும் ஆர்.சி. தொடக்கப்பள்ளியில் நான் மூன்றாம் வகுப்பு டீச்சர்.

அந்த வருடம்தான் புதுத் தலைமையாசிரியையாக ஒரு சிஸ்டர் வந்தார். வந்த வாரமே எங்களை உட்கார வைத்து, வகுப்புக்கு ஓர் இலக்கு சொல்லச் சொன்னார். நான் வாயாடி. ஒழுக்கம், கையெழுத்து, பெருக்கல் வாய்ப்பாடு என்று அடுக்கிக்கொண்டே போனேன். "எல்லாத்தையும் சொன்னா எதுவும் நடக்காது டீச்சர். ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அதை வாராவாரம் நானே வந்து பார்க்கிறேன்" என்றார்.

என் பிள்ளைகள் ஒன்றாம் வகுப்பையும் இரண்டாம் வகுப்பில் பாதியையும் வீட்டிலேயே கழித்தவர்கள். போன் இருந்த வீட்டில் போனில் பாடம், இல்லாத வீட்டில் அதுவும் கிடையாது. அதனால் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. டிசம்பரில் வரும், எங்கள் கோவிலின் பாதுகாவலரான புனிதரின் திருவிழாவுக்குள் வகுப்பில் எல்லோரும் தமிழில் ஒரு பக்கத்தைத் தடுமாறாமல் படிக்க வேண்டும். அதுதான் இலக்கு என்று எழுதிக் கொடுத்தேன்.

சிஸ்டர் பெரிய சார்ட்டில் ஓர் ஏணி வரைந்து சுவரில் மாட்டினார். எழுத்து, சொல், வரி, பத்தி, பக்கம் என்று கீழிருந்து மேலாகப் படிகள். பிள்ளைகள் ஆளுக்கொரு காகிதக் குருவி வெட்டிப் பெயர் எழுதி, குண்டூசியால் குத்தி வைத்தார்கள். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சிஸ்டர் நாற்காலி போட்டு உட்காருவார். நான் பதிவேட்டைப் பார்த்துப் பெயர் கூப்பிடுவேன். ஒவ்வொருவராக வந்து அன்றைய பாடத்தைப் படித்துக் காட்ட வேண்டும். தேறினால் குருவி ஒரு படி ஏறும்.

எங்கள் பதிவேட்டில் பையன்கள் முதலில், பெண்கள் பிறகு. அதிலும் கடைசிப் பெயர் ஒரு சிறுமியுடையது. ஒல்லியாக இருப்பாள். அப்பா சென்னையில் கொத்தனார் வேலை. அம்மா விடியற்காலையில் கம்பெனி வேனில் புதுச்சேரிக்குப் போய் இருட்டும்போது திரும்புகிறவர். ஆனால் குரல் இருக்கிறதே, அப்படியொரு வெண்கலக் குரல்! மற்ற பிள்ளைகள் முட்டி மோதிப் படித்த பாடத்தை இவள் வந்து ஏற்ற இறக்கத்தோடு படித்தால் எனக்கே கேட்டுக்கொண்டிருக்கலாம் போலிருக்கும். நவம்பர் முடிவதற்குள் வகுப்பில் எல்லாக் குருவிகளும் மேல் படிக்குப் போய்விட்டன. முதலில் போனது அவளுடையதுதான். எனக்குத் தலைகால் புரியவில்லை. பக்கத்து வகுப்பு டீச்சரிடம் நான் அடித்துக்கொண்ட பெருமையை இங்கே எழுத முடியாது.

திருவிழாத் திருப்பலிப் பூசையில், பைபிளிலிருந்து படிக்கும் முதல் வாசகத்தை அவளே படிக்கட்டும் என்று சிஸ்டர் சொன்னார். ஊரே கூடியிருக்கும் கோவிலில், ஒரு மூன்றாம் வகுப்புப் பிள்ளை! அவள் அம்மா கம்பெனியில் கெஞ்சிக் கூத்தாடி லீவு வாங்கினார். அப்பாவும் சென்னையிலிருந்து வருகிறார் என்று செய்தி.

வாசகத்தைக் கொடுத்தபோது, "ஒரு தபா நீங்க படிச்சிக் காட்டுங்க டீச்சர்" என்றாள். நல்ல பிள்ளை, உச்சரிப்பில் கவனமாக இருக்கிறாள் என்று நினைத்து நானும் இரண்டு மூன்று தடவை படித்துக் காட்டினேன்.

திருவிழாவுக்கு இரண்டு வாரம் முன்பு கோவிலில் ஒத்திகை. பாதி படித்துக்கொண்டிருக்கும்போது மைக் கொரகொரவென்று இரைந்து நின்றுவிட்டது. பங்குச் சாமியார் ஒயரை ஆட்டிச் சரிசெய்துவிட்டு, தாளில் ஒரு வரியைத் தொட்டு, "இங்கேர்ந்து படிம்மா" என்றார்.

அவள் தாளைப் பார்த்தாள். அவர் விரலைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"மொத வார்த்தைய மட்டும் சொல்லுங்க ஃபாதர். மீதிய நான் சொல்லிடறேன்."

பிள்ளை பயந்துவிட்டது என்று சாமியார் சிரித்தார். எனக்குச் சந்தேகம் தட்டியது.

பள்ளி வராந்தாவுக்கு அவளைக் கூட்டிக்கொண்டு வந்து, நான்காம் வகுப்புப் புத்தகத்தில் ஒரு பக்கத்தைப் பிரித்துக் கொடுத்தேன். சற்று நேரம் பார்த்தாள். "டீச்சர், இத இன்னும் யாருமே படிக்கலையே" என்றாள்.

மெதுவாகக் கேட்டபோது எல்லாம் வெளியே வந்தது. "எல்லாரும் படிக்கறப்ப நான் கேட்டுக்கினே இருப்பேன் டீச்சர். என் பேரு வர்றதுக்குள்ள வந்துடும்." அவள் ஏமாற்றவில்லை. படிப்பது என்றாலே அதுதான் என்று நினைத்திருந்தாள். எங்கள் பள்ளியில் காலையில் மணி அடித்ததும் ஜெபம், சாப்பாட்டுக்கு முன் ஜெபம், வீட்டுக்குப் போகும்போது ஜெபம். ஒருவர் சொல்ல எல்லோரும் திருப்பிச் சொல்லியே மனப்பாடம் ஆகிவிடும். பைபிள் பாடமான மறைக்கல்வியும் அப்படித்தான். பாடப் புத்தகமும் அப்படித்தான் என்று அந்தக் குழந்தை நம்பியதில் என்ன தப்பு? கடைசிப் பெயராக இருந்ததால் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அதே பாடத்தை வகுப்பு முழுக்க அவள் காதில் ஓதியது. அதைக் கேட்டு, படிக்க வைத்துவிட்டோம் என்று மார்தட்டிக்கொண்டது நான்தான்!

சிஸ்டரிடம் போய்ச் சொன்னேன். சொல்லும்போதே, "வாசகம் அவளுக்கு நல்லா மனப்பாடம் ஆயிடுச்சு சிஸ்டர். அன்னைக்குச் சொல்லிடுவா. யாருக்கும் தெரியப் போறதில்ல. அப்புறமா சொல்லிக் கொடுத்துக்கலாம்" என்று ஒரு வழியையும் சேர்த்துச் சொன்னேன்.

"அவளுக்குத் தெரியுமே டீச்சர்" என்றார் சிஸ்டர். பிறகு, "இத்தனை வாரமா நாம எதை அளந்தோம்னு பார்க்கலாம், வாங்க" என்று எழுந்தார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. யாரும் பார்த்திராத ஒரு பக்கத்தைக் கொண்டுவந்து, பிள்ளைகளைத் தனித்தனியாக அறைக்குள் கூப்பிட்டார். இன்னும் சில குருவிகளும் இறங்கின. ஏணியைப் பார்க்க எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவளுக்கு எழுத்துகள் தெரிந்தன. சின்னச் சொற்களைக் கூட்டிப் படித்தாள். "உன் குருவி எங்கே இருக்கணும்?" என்று சிஸ்டர் கேட்டதும் போய் உச்சியிலிருந்து எடுத்து, 'சொல்' படியில் அவளே குத்தினாள். திரும்பியபோது உதடு துடித்தது.

"அப்போ பூசைல நான் படிக்கக் கூடாதா சிஸ்டர்? அம்மா லீவு போட்டுட்டாங்களே."

"படிப்பே. வாசகம் இல்ல, மன்றாட்டுல ஒரு வரி. ஆனா அந்த வரியை மேடைக்கு வந்தப்புறம்தான் உன் கையில கொடுப்பேன்" என்றார் சிஸ்டர்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஊர் முன்னால் குழந்தை திணறி நின்றால் அப்புறம் புத்தகத்தையே தொடமாட்டாள் என்று அலுவலக அறையில் போய்ச் சண்டை போட்டேன். "ரெண்டு வாரம் இருக்கே டீச்சர். ஒரே ஒரு வரி" என்று சிஸ்டர் முடித்துவிட்டார்.

அன்று மாலை பஸ்ஸை விட்டுவிட்டு, கம்பெனி வேன் நிற்கும் இடத்தில் அவள் அம்மாவுக்காகக் காத்திருந்தேன். விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் வாடிப்போனது.

"ஊட்ல போன்ல வர்ற மெசேஜப் படிடின்னா, நீ மொதல்ல படிம்மான்னுவா டீச்சர். சோம்பேறித்தனம் பண்ணிக்கினு இருக்கான்னு திட்டுவேன்" என்றார். பை வாரை முறுக்கிக்கொண்டே கொஞ்சம் யோசித்தார். "ஒரு வரின்னாலும் எம் பொண்ணு வரிதான. நான் வர்றேங்க."

திங்கட்கிழமையிலிருந்து மதியச் சாப்பாடு முடிந்ததும் நானும் அவளும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தோம். பிஸ்கட் உறை, பஸ் போர்டின் போட்டோ, கல்யாணப் பத்திரிகை என்று கையில் கிடைத்ததெல்லாம் பாடம். அவள் படிக்கும்வரை நான் வாய் திறக்கக் கூடாது என்பது சிஸ்டர் உத்தரவு. வாயாடியான எனக்கு அதைவிடத் தண்டனை வேறில்லை. "ஒரே ஒரு தபா டீச்சர்" என்று கெஞ்சுவாள். உதட்டைக் கடித்துக்கொண்டு மரத்தைப் பார்ப்பேன். சில நாள் தாளைத் தூக்கிப் போட்டுவிட்டு ஓடினாள். மறுநாள் அவளே வந்து உட்கார்ந்தாள்.

திருவிழா அன்று கோவிலில் நிற்க இடமில்லை. சென்னையிலிருந்து வந்த அவள் அப்பா ஆண்கள் பக்கம் நின்றிருந்தார். முதல் வாசகத்தை இன்னொரு பிள்ளை படித்து முடித்தாள். ஒருவர் ஒரு வேண்டுதலைப் படிக்க எல்லோரும் சேர்ந்து பதில் சொல்லும் மன்றாட்டு நேரம் வந்தது. மற்றவர்கள் முடித்த பிறகு இவள் மேடை ஏறினாள். சிஸ்டர் ஒரு சிறு தாளைக் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்தார். அதில் என்ன இருக்கிறதென்று எனக்கும் தெரியாது.

அவள் தாளையே பார்த்தாள். மின்விசிறிச் சத்தம்தான் கேட்டது. பின்னால் யாரோ செருமினார்கள். அந்த வெண்கலக் குரலைக் காணவில்லை. கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் ஒரு குரல் வந்தது.

"வே... லை... வேலைக்கு... வேலைக்குப் போ... கும்..."

பெண்கள் பக்கத்தில் அவள் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றார்.

"அம்... மா... அம்மாக்கள்..."

அங்கே நின்றுவிட்டாள். மாட்டிக்கொண்டாள் என்றே நினைத்தேன். அடுத்த சொல் என்னவென்று தெரியாமலே என் வாய் தானாகத் திறந்தது. ஆனால் அவள் என்னைப் பார்க்கவில்லை. தாளிலிருந்து நிமிர்ந்து பெண்கள் பக்கம் வரிசை வரிசையாகத் தேடினாள். அம்மாவைக் கண்டுபிடித்ததும் பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள். பிறகு குனிந்து, மீதியையும் ஒவ்வொரு சொல்லாகப் படித்தாள். "பத்திரமாக... வீடு... திரும்ப... வேண்டுமென்று... மன்றாடுகிறோம்." கோவில் முழுக்கச் சத்தமாகப் பதில் சொன்னது. அவள் அம்மாவால் மட்டும் சொல்ல முடியவில்லை.

திருவிழாவுக்குள் எல்லோரும் ஒரு பக்கம் என்ற என் இலக்கு நிறைவேறவில்லை. சிஸ்டர் நிர்வாகத்துக்கு அனுப்பிய அறிக்கையில் அப்படியேதான் எழுதினார். நான் கையெழுத்துப் போட்டேன், வருத்தமே இல்லை. முழு ஆண்டுத் தேர்வுக்கு முன்னால் அவள் ஒரு பக்கத்தை மெதுவாக, நிறுத்தி நிறுத்திப் படித்தாள். இப்போது ஆறாம் வகுப்பு போய்விட்டாள். வழியில் பார்த்தால், கடைப் பலகையில் என்ன புதிதாக எழுதியிருக்கிறது என்று எனக்கே சொல்லுவாள்.

அதுவரை எல்லாவற்றையும் முன்கூட்டியே தெரிந்துகொண்டு படித்த குழந்தைக்கு, முதல்முறையாக எழுத்து ஒரு விஷயத்தைச் சொல்லி, அது தன் அம்மாவைப் பற்றித்தான் என்று அவளே கண்டுபிடித்த நேரம், மேடையில் அவள் நிமிர்ந்து சிரித்த அந்த நேரம்தான். இன்றும் வெள்ளிக்கிழமைகளில் ஒரு பிள்ளை என் முன்னால் புத்தகத்தோடு வந்து நின்றால், நான் உச்சரிப்பைக் கவனிப்பதைவிட, படித்துக்கொண்டே இருக்கும்போது எந்த இடத்தில் அந்த முகம் நிமிரப் போகிறது என்றுதான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.